மூன்றாவது எஞ்சினுக்குச் சத்தமில்லை

எவர்சில்வர் டம்ளருக்குள் மணி விழுந்த நேரத்தில் அன்புச்செல்வன் எந்தப் பொத்தானையும் அழுத்தியிருக்கவில்லை. கட்டைவிரல் பொம்மை ரயிலின் கன்ட்ரோலருக்கு மேலே அரை அங்குல உயரத்தில் நின்றிருந்தது. அடுத்த ஹாரனுக்கு முன் மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அவன் ஆறில் இருந்தான்.

மகள் தனுஷா அவனுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கிண்ணம் நிறையச் சிவப்புப் பாசிமணிகள், எதிரில் டம்ளர். ஆட்டத்தின் விதி ஒன்றுதான். சத்தம் கேட்டால் ஒரு மணியை எடுத்து டம்ளரில் போட வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். போட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். சரிதானே என்று கேட்கும் பார்வை. அன்று அதுவரை ஒலித்த ஒன்பது ஹாரன்களில் ஐந்தை அவள் தவறவிட்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று தலையாட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

கை தட்டினான். அவள் முகம் விரிந்தது. மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

தனுஷாவுக்கு அடுத்த மாசியில் ஆறு வயது நிறையும். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. மூன்று வயதில் அரசுக் காப்பீட்டில் புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து, வலது காதின் உள்ளே கம்பியிழை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் தலைமுடியின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு ரூபாய் அளவு வட்டு. வட்டை எடுத்துவிட்டால் அவளுக்கு உலகத்தில் ஒரு சத்தமும் கிடையாது. இடது காதில் எதுவும் செய்யவில்லை. அது அப்படியே செத்த காது.

கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும், அது என்ன சத்தம் என்பதை மூளைதான் படிக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆறேழு வயதுக்குள் படித்துக்கொள்ளாவிட்டால் பிறகு கஷ்டம் என்றும் சொன்னார். இரண்டரை வருடம் ஓடிவிட்டது. தேவிப்ரியாவைப் பார்த்து ‘ம்மா’ என்பாள். தண்ணீருக்கு ‘ண்ணி’. அன்புச்செல்வனுக்கு அவளிடம் ஒரு சத்தமும் இல்லை, சட்டையைப் பிடித்து இழுப்பதுதான். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒருமுறைகூட அவள் திரும்பியதில்லை. ராத்திரி படுத்தால் அவன் மனதில் அந்த ஒரு கணக்குத்தான் ஓடும். மாசிக்கு இன்னும் ஐந்து மாதம்.

ஒரே ஒரு நாள் திரும்பினாள். சின்னசேலம் ஸ்டேஷனில், நடைமேடையில் நிற்காமல் போன ஒரு சரக்கு ரயிலின் ஹாரனுக்கு. உடம்பே திரும்பியது. அந்த ஒரு திரும்புதலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ரயில் பொம்மைகளுக்குள் இறங்கினான். கள்ளக்குறிச்சியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்குச் சாலிடரிங் கம்பி புதிதில்லை. வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்து, பெங்களூர்க்காரர் ஒருவரிடமிருந்து ஒரே மாதிரியான மூன்று டீசல் எஞ்சின்களை வாங்கி, கச்சிராயபாளையம் வீட்டின் மாடி அறையில் பலகை போட்டுத் தண்டவாளம் பதித்தான். பார்சல் பார்சலாக வந்து இறங்கியபோது தேவிப்ரியா ஒருமுறை கேட்டாள்.

“பொண்ணுக்கு வாங்கினு வந்தீங்களா, உங்களுக்கு வாங்கினு வந்தீங்களா?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

“அப்ப எனக்கு இன்னா, டிக்கெட் கிழிக்கிற வேலையா?”

எஞ்சினை ஓட்டுவது பெரிய காரியமில்லை, சத்தம்தான் காரியம். அதற்கு சவுண்ட் டீகோடர் வேண்டும். நகம் அளவு சிப். தண்டவாளத்தில் மின்சாரத்தோடு வரும் கட்டளையைப் படித்து, தனக்குள் இருக்கும் பதிவிலிருந்து எஞ்சின் உறுமலையோ ஹாரனையோ பிரேக் கிறீச்சிடுவதையோ எடுத்துக் கடுகுபோன்ற ஸ்பீக்கருக்கு அனுப்பும். மகளின் காதுக்குப் பின்னால் இருப்பதும் கிட்டத்தட்ட அதே சரக்குத்தான் என்று அவனுக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. வந்த இரண்டு டீகோடரில், முதல் எஞ்சினில் வைத்தது வெளிநாட்டுப் பதிவு. உறுமல் வயிற்றைத் தொடும், ஆனால் அத்தனை கட்டைச் சத்தம் கருவி வழியே போகுமா என்பது சந்தேகம். இரண்டாவதில் வைத்ததற்கு நம் ஊர் எஞ்சினை யாரோ ஷெட்டில் நின்று பதிவுசெய்திருந்தார்கள். ஹாரன் தகரத்தைக் கிழிப்பதுபோல வரும். எது அவளுக்குள் போகிறதோ அதை வைத்துக்கொள்வது என்று முடிவு.

மூன்றாவது எஞ்சினில் டீகோடர் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. அது கேட்புப் பயிற்சி கொடுக்கும் நிர்மலாவின் யோசனை. குழந்தைகள் கெட்டி, கண்ணாலும் கணக்காலும் ஊகித்து மணி போட்டுவிடுவார்கள், நடுநடுவே சத்தமே இல்லாத ஒன்றின் முறை வந்தால்தான் நிஜமாகக் கேட்கிறாளா என்று தெரியும் என்று அவர் சொல்லியிருந்தார். மூன்றாவது எஞ்சினின் முறை வரும்போது அவன் விரலைத் தூக்கிக்கொண்டு பத்து எண்ணுவான். அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கிய நான்காம் நாள் மாலை அவன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தான். முதல் எஞ்சினுக்குப் பத்தில் நான்கு. இரண்டாவதற்குப் பத்தில் ஏழு. மூன்றாவதற்குப் பத்தில் பத்து.

பிழை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் ஒரு ஒயரிலோ ஒரு ஜாயின்டிலோ இருக்கும் என்று நம்பி வாழ்கிறவன் அவன். ஆகவே முதலில் பயப்படவில்லை, தேடினான். பலகையின் அதிர்வாக இருக்கும் என்று மூன்றாவது எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து மடித்த துண்டின் மேல் வைத்தான். மணி விழுந்தது. காதுக்கருவிக்குள் டெலிபோனுக்காக ஒரு காந்தச் சுருள் உண்டு, தண்டவாளத்தின் இரைச்சலை அது பிடித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தபோது அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா. செட்டிங்கில் அதை அணைத்தான். மணி விழுந்தது. எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினான். பிறகு வந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மின்விசிறி தன் கடைசிச் சுற்றுகளைச் சுற்றிக் கிர்ரென்று அடங்கியது; ஜன்னல் திரைக்கு அப்பால் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று இரண்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு லொடலொடவென்று தெருமுனையைக் கடந்து போனது; அது போன பிறகு, கொதித்த கரும்புச்சாற்றின் இனிப்பு வீச்சமும் ஆறிய சாலிடரின் கருகல் வாசனையும் கலந்து நிற்கும் அந்த அறையில், வெகுநேரம் மூடியிருந்த வாய் திறந்ததுபோல் மூன்றாவதாக ஒரு வாடை மெல்ல எழுந்ததாக அவனுக்குத் தோன்றியது. தனுஷா தலையைச் சாய்த்தாள். கிண்ணத்தில் விரலை விட்டாள்.

மணி விழுந்தது.

அவள் சாய்ந்தது வலப்பக்கம் அல்ல என்பதை அப்போதுதான் அவன் கவனித்தான். ஹாரன் கேட்கும்போதெல்லாம் கருவி இருக்கும் வலப்பக்கம்தான் சாய்வாள். இப்போது இடப்பக்கம். செத்த காதின் பக்கம்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவளை நிர்மலாவிடம் கூட்டிப்போனான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் நிர்மலாவின் அறை. சுவரெல்லாம் மிருகப் படங்கள். அவள் கையைத் தன் தொண்டையிலும் தன் கையை அவள் தொண்டையிலும் வைத்து, அதிர்வாலேயே ‘ம்மா’வை நிர்மலா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இங்கேதான். நிர்மலா ஒயரை மாற்றினார், வட்டை மாற்றினார், வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தார். அரைமணி நேரத்தில் தனுஷா ஒரு மணியைக்கூடத் தப்பாகப் போடவில்லை. கருவி கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். பிறகு வீட்டில் நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“சத்தம் குடுக்காதப்ப அவ மணி போட்டா நீங்க இன்னா சார் பண்ணீங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “கை தட்டினேங்க.”

“எத்தினி நாளு?”

“நாலு நாளா.”

“அதத்தானே சார் மொதநாளே வேணான்னு சொன்னேன். நீங்க கை தட்னா அவளுக்கு இன்னா அர்த்தம்? ‘ஆமா, அங்க ஒண்ணு கூப்பிட்டுது, நீ பதில் சொன்னது கரெக்டு’ன்னு. இல்லாத ஒண்ணுக்குப் பதில் சொல்லக் கத்துக் குடுத்திருக்கீங்க.” அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “ஒண்ணும் ஆயிடலை. கல்லாட்டம் உக்காருங்க. மூணு நாள்ல தானா விட்டுடுவா.”

அன்று மாலை மூன்றாவது எஞ்சினை அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிக்குள் வைத்தான். இரண்டாவது டீகோடர்தான் என்று முடிவாகிவிட்டது, இனி அது ஒன்றே போதும். பத்து ஹாரன் கொடுத்தான். எட்டுக்கு மணி போட்டாள். எட்டுக்கும் கை தட்டினான். பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். கல்லாட்டம் உட்கார்ந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று. வெளியே மழைக்கு முந்தின புழுக்கம். கல்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்து, ஜன்னல் திரை அசையாமல் தொங்கியது. நான்கு. அவள் தலை இடப்பக்கம் சாய்ந்தது.

மணி விழுந்தது.

அவன் கை தட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டான். தனுஷா வழக்கம்போலத் திரும்பினாள். ஆனால் அவனைப் பார்க்கத் திரும்பவில்லை. இடப்பக்கம், அங்கே கிடந்த வெறும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலியின் இருக்கையை அல்ல. அதற்கு மேலே, ஒருவர் உட்கார்ந்தால் முகம் இருக்கக்கூடிய உயரத்தில். சரிதானே என்று கேட்கும் அதே பார்வை. ஒரு விநாடி. இரண்டு. அவள் முகம் விரிந்தது.

யாரோ கை தட்டியிருந்தார்கள்.

அவன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். மாடி அறையைப் பூட்டினான். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ராத்திரி லுங்கிக்கு மாறும்போது சாவியும் இடுப்பு மடிப்புக்கு மாறியது. மனைவியிடம் என்னவென்று சொல்வது? பலகையில் ஷார்ட் அடிக்கிறது, சரிசெய்கிறவரை மேலே போக வேண்டாம் என்றான். தேவிப்ரியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அந்த வாரம் சந்தோஷமாக இருந்தாள். குழந்தையின் வாயில் புதிதாகச் சத்தங்கள் வருகின்றன என்றாள். தனியாக உட்கார்ந்து என்னவோ மழலை பேசுகிறாள், உதட்டைக் குவிக்கிறாள், நாக்கை மடிக்கிறாள், ரயில் ஆட்டம் வீண்போகவில்லை என்று அவனைப் பாராட்டக்கூடச் செய்தாள். வெள்ளிக்கிழமை காலை, துவட்டிய துண்டோடு அடுப்படிக்கு வந்து நின்று, சிரிப்பும் யோசனையுமாகச் சொன்னாள்.

“குளிப்பாட்டறதுக்கு மிஷினக் கழட்டி வெச்சிட்டேங்க. அப்பவும் தலைய ஆட்டிக்கினு ‘ம்... ம்...’ங்கறா. யாரோ சொல்லச் சொல்ல கேட்டுக்கினு இருக்கற மாரி.”

“எந்தப் பக்கம் தலைய ஆட்டனா?”

“அதுல இன்னா பக்கம்?” என்றாள் தேவிப்ரியா. பிறகு நினைத்துப் பார்த்து, தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் டீ டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, மாடிப் பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கப் படியேறினான். 

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். மாலை ஐந்துக்குத்தான் வரும். தேவிப்ரியா எலவனாசூர்கோட்டையில் தன் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டாள். மைக்செட்டும் மேளமுமாக இருந்தால் கருவியோடு குழந்தைக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் தனுஷா வீட்டில். அன்புச்செல்வன் கடைக்குப் போகவில்லை. மதியம் சோறு ஊட்டி, கருவியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்து மூடி, அவளைத் தட்டித் தூங்கவைத்தான். மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே இருந்தான். தட்டைக் கழுவப் போனான். இரண்டு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. அவ்வளவு நேரம்தான்.

திரும்பி வந்தபோது பாயில் தலையணை மட்டும் இருந்தது.

டப்பாவைத் திறந்தான். கருவி உள்ளே இருந்தது. ஒயர் சுருண்டு. வட்டு குளிர்ந்து.

மாடிப்படிக்கு ஓடினான். நடுப்படியிலிருந்தே தெரிந்தது, மாடி அறைக் கதவு திறந்திருந்தது. பூட்டு கொண்டியில் வாய் திறந்து தொங்கியது. அவன் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. சாவி அங்கேயே இருந்தது. உடம்புச் சூட்டோடு.

உள்ளே திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. அடைபட்ட வெக்கை. வெகுநேரம் மூடியிருந்த வாயின் அந்த வாடை, இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல். தெருவில் ஒரு டிராக்டர் போவதை ஜன்னல் திரையின் நடுக்கத்தில் பார்த்தான். பார்க்கத்தான் முடிந்தது. அதன் சத்தம் உள்ளே வரவில்லை. தன் காலடிச் சத்தமும் வாசற்படியோடு நின்றுவிட்டதை அவன் உணர்ந்தான்.

தனுஷா நாற்காலிக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் பக்கவாட்டில். மணி இல்லை. டம்ளர் இல்லை. வலது கையை மேலே நீட்டியிருந்தாள். விரல்கள் விரிந்து, வளைந்து, எதையோ சுற்றிப் பிடித்திருந்தன. கட்டைவிரல் ஒரு பக்கம். மற்றவை ஒரு பக்கம். ஒரு தொண்டையின் சுற்றளவு.

விரல்கள் நடுங்கின. பயத்தால் அல்ல. ஓடும் பஸ்ஸின் கண்ணாடியில் கை வைத்தால் நடுங்குமே, அப்படி. நடுங்கும். நிற்கும். மறுபடி நடுங்கும். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அவள் உதடு ஒரு வடிவம் எடுத்தது. திறந்தது. மூடியது. திறந்தது.

“தனுஷா.”

அவன் வாய் அசைந்தது. அவன் காதுக்கே எட்டவில்லை.

“தனுஷா!”

எதுவும் இல்லை. காலைத் தூக்க முயன்றான். முடியவில்லை. கால் யாரோ ஒருவருடையதுபோல் வாசற்படியில் நின்றது.

அவள் விரல்கள் நீளமாக ஒருமுறை நடுங்கி ஓய்ந்தன. அவள் தலையாட்டினாள். புரிந்தது என்பதுபோல. மூச்சை இழுத்தாள். அந்த அறையில் அவனுக்குக் கேட்ட ஒரே சத்தம் அதுதான். பிறகு குரல். மழலை இல்லாமல், திக்காமல், ஓர் எழுத்தும் தேயாமல்.

“அப்பா.”

சொன்னது நாற்காலியைப் பார்த்து.

அவள் முகம் விரிந்தது. இன்னும் சரியாகக் கேட்கட்டும் என்று யாருக்கோ இடம் கொடுப்பதுபோல் மோவாயைத் தூக்கிக் கழுத்தை நீட்டிக் காட்டினாள். திரையின் ஓரமாக வந்த வெளிச்சம் அந்தக் கழுத்தில் விழுந்தது. மெல்லிய தோல். அதில் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது. நான்காவது. எதிர்ப்பக்கம் ஒன்று, அகலமாக. அவை இறுக்கவில்லை. அழுத்தவில்லை. அவள் அடுத்த வார்த்தைக்காக, அங்கேயே, மெதுவாகப் பதிந்து காத்திருந்தன.